தோற்ற தளபதி ஜெயிக்க முடியுமா? கதையைப் போர் ஆட்டமாக்கும் வித்தை

ஒரு பெரிய ஆறு. வடகரையில் ஒரு படை. தென்கரையில் ஒரு படை.

வடகரைப் படை மிகப் பெரியது. தென்கரைப் படை சிறியது. திடீரென்று தென்கிழக்கிலிருந்து காற்று வீசியது. தென்கரையிலிருந்து வந்த கப்பல்கள் குபீரென்று தீப்பற்றி எரிந்தன. எரிந்தபடியே வடகரைக் கப்பல்கள் மீது போய் மோதின. பெரிய படை சாம்பலாயிற்று!

இது நடந்தது சீனாவில், கி.பி. 208-ம் ஆண்டு குளிர்காலத்தில். நடந்த இடம் யாங்ட்சீ நதி. இதற்கு "செம்பாறைப் போர்" என்று பெயர்.

சீனாவில் இந்தக் கதையைக் கேட்காமல் வளர்ந்த குழந்தை இருக்காது. கதையில் ஒவ்வொரு தடவையும் பெரிய படைதான் தோற்கிறது. புத்தகத்தை நூறு தடவை படித்தாலும் முடிவு மாறாது.

அதே கதையை ஓர் ஆட்டமாக மாற்றினால் எப்படி இருக்கும்? தோற்றுப்போன தளபதியின் ஆசனத்தில் நீங்கள் உட்கார்ந்தால்? உங்களால் ஜெயிக்க முடியுமா?

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு உலகம் முழுவதும் ஏராளமான பேர் ஆட்டம் அமைக்கிறார்கள். சிலர் கம்ப்யூட்டரில் அமைக்கிறார்கள். சிலர் அட்டையிலும் காகிதத்திலும் அமைக்கிறார்கள்.

படித்த கதையிலிருந்து ஒரு போர்க்களத்தை எடுத்து, இரண்டு பேர் உட்கார்ந்து ஆடுகிறபடி செய்வது ஒரு தனி வித்தை. அந்த வித்தையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம்.

பொம்மை முதல் கம்ப்யூட்டர் வரை

போரை ஆட்டமாக்குவது புதிய பழக்கம் அல்ல. சதுரங்கமே அப்படிப் பிறந்ததுதான். யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையும் அதில் உண்டு.

ஜெர்மனியின் பிரஷ்யா ராஜ்யத்தில் ரைஸ்விட்ஸ் என்ற தந்தையும் மகனும் இதை வேறு மாதிரி மாற்றினார்கள். தந்தை 1812-ல் தன் ஆட்டத்தை அரசருக்குக் காட்டினார். மகன் ராணுவ அதிகாரி. அவர் 1824-ல் அதைத் திருத்தி, நிஜமான தேசப்படத்தின் மேல் ஆடும்படி செய்தார். அதில் பகடை உண்டு. இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக ஒரு நடுவரும் உண்டு. பிரஷ்யப் படை அதிகாரிகள் அதை ஆடிப் பழகினார்கள்.

1913-ல் ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ், பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடும் போர் ஆட்டத்துக்கு ஒரு புத்தகமே எழுதினார். 1950-களில் அமெரிக்காவில் சார்லஸ் ராபர்ட்ஸ் என்பவர் போர் ஆட்டங்களை அட்டைப் பெட்டியில் போட்டு விற்க ஆரம்பித்தார்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. செம்பாறைப் போர் வரும் சீன நாவலை வைத்து, 1985-ல் ஜப்பானின் கோயி கம்பெனி ஒரு கம்ப்யூட்டர் ஆட்டம் செய்தது. அது பல பாகங்களாக வளர்ந்தது.

"ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்" போன்ற ஆட்டங்களில் இன்னொரு வசதியும் வந்தது. ஆடுகிறவரே தன் இஷ்டப்படி மலை, ஆறு, கோட்டை எல்லாம் வைத்து, புதிய போர்க்களத்தை அமைத்துக்கொள்ளலாம்.

கருவி எதுவாக இருந்தாலும் அமைக்கும் முறை ஒன்றுதான். அதற்கு முதலில் கதை வேண்டும்.

கதை இதுதான்

அப்போது சீனாவை ஹான் வம்சம் ஆண்டது. சக்கரவர்த்தி பெயருக்குத்தான் சக்கரவர்த்தி. அதிகாரம் எல்லாம் பிரதம மந்திரி சாவோ சாவோ கையில் இருந்தது. அவனுக்கு வயது 53. பெரிய தந்திரசாலி. கவிதையும் எழுதுவான். வடநாடு முழுவதையும் அடக்கிவிட்டு, 208-ல் தெற்கே கிளம்பினான்.

நடுவில் இருந்த ஜிங் மாகாணத்தின் தலைவன் அப்போதுதான் இறந்திருந்தான். அவன் மகன் போரே செய்யாமல் சரணடைந்துவிட்டான். ஜிங் மாகாணத்தின் கப்பல்களும் மாலுமிகளும் சாவோ சாவோ வசம் வந்தார்கள்.

அங்கே இருந்த லியூ பெய் என்ற தலைவன் மட்டும் பணியவில்லை. தெற்கே ஓடினான்.

யாங்ட்சீயின் தென்கரைப் பிரதேசத்தை ஆண்டவன் சுன் சுவான். வயது 26. "சரணடைந்து விடுங்கள்" என்று அவனுடைய மந்திரிகள் பலர் சொன்னார்கள். லியூ பெய்யின் தூதனாக வந்த ஜூகே லியாங், "போர் செய்யுங்கள்" என்றான். அந்தத் தூதனுக்கு வயது 27-தான்!

சுன் சுவான் வாளை உருவினான். எதிரே இருந்த மேஜையை வெட்டினான். இனிச் சரணாகதி பற்றிப் பேசுகிறவனுக்கும் இதே கதிதான் என்றான். தளபதி ஜோ யூ தலைமையில் 30,000 வீரர்களை அனுப்பினான்.

ஜோ யூவின் கீழே ஹுவாங் கய் என்ற படைத்தலைவன் இருந்தான். எதிரியின் கப்பல்கள் ஒன்றோடு ஒன்று சேர்த்து நிறுத்தப்பட்டிருப்பதை அவன் பார்த்தான். நெருப்பு வைக்கலாம் என்று யோசனை சொன்னான்.

"உங்கள் பக்கம் வந்து சேருகிறேன்" என்று சாவோ சாவோவுக்குக் கடிதம் எழுதினான். காய்ந்த நாணலும் விறகும் எண்ணெயும் நிரப்பிய கப்பல்களோடு புறப்பட்டான். பாதி ஆற்றைத் தாண்டியதும் தீ வைத்தான். மற்றது உங்களுக்குத் தெரியும்.

நாவலா? சரித்திரமா?

ஆட்டம் அமைக்கிறவருக்கு முதல் சிக்கல் இங்கேதான்.

செம்பாறைப் போரைப் பற்றி இரண்டு பெரிய நூல்கள் இருக்கின்றன. ஒன்று, 3-ம் நூற்றாண்டில் சென் ஷோவ் எழுதிய சரித்திரம். இன்னொன்று, "மூன்று ராஜ்யங்களின் கதை" என்ற நாவல். 14-ம் நூற்றாண்டில் வாழ்ந்த லுவோ குவான்ஜோங் எழுதியதாகச் சொல்லப்படுகிறது. இப்போது படிக்கப்படும் பதிப்பில் 120 அத்தியாயங்கள்.

நாவலில் ஜூகே லியாங் மேடை கட்டிப் பூஜை செய்து காற்றையே வரவழைக்கிறான். வைக்கோல் பொம்மைகளைப் படகுகளில் நிறுத்தி, மூடுபனியில் எதிரியை ஏமாற்றி, ஒரு லட்சம் அம்புகளைச் சம்பாதித்து விடுகிறான். இந்த இரண்டும் சரித்திரத்தில் இல்லை.

நாவலில் சாவோ சாவோவின் படை 8 லட்சத்து 30 ஆயிரம். சரித்திரத்தில் தளபதி ஜோ யூ போட்ட கணக்கு வேறு. வடநாட்டுத் துருப்பு ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் அதிகம். சரணடைந்த ஜிங் மாகாணத் துருப்பு 70 அல்லது 80 ஆயிரம். மொத்தம் சுமார் 2 லட்சத்து 20 ஆயிரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நாவல் அதிகம் பேசாத ஒரு விஷயமும் சரித்திரத்தில் இருக்கிறது. அது நோய். சாவோ சாவோவின் படையில் கொள்ளைநோய் பரவியிருந்தது. நோய் காரணமாகத் தன் கப்பல்களைத் தானே எரித்துவிட்டுத் திரும்பியதாகச் சாவோ சாவோ பிற்பாடு ஒரு கடிதத்தில் சொல்லிக்கொண்டான்!

எதை எடுத்துக்கொள்வது? எதை விடுவது?

2019-ல் வந்த "டோட்டல் வார்: த்ரீ கிங்டம்ஸ்" என்ற கம்ப்யூட்டர் ஆட்டம் இதற்கு ஒரு வழி கண்டது. ஒரே ஆட்டத்தில் இரண்டு முறைகளை வைத்தது. நாவல் முறையில் ஆடினால் தளபதி ஒருவனே நூறு பேரை அடித்து வீழ்த்துவான். சரித்திர முறையில் ஆடினால் தளபதியும் சாதாரண மனிதன்தான்.

இரண்டு முறையும் சரிதான். ஆனால் எது எந்த முறை என்று ஆடுகிறவருக்குச் சொல்லிவிட வேண்டும். கதையைச் சரித்திரம் என்று சொல்லிக் கொடுப்பது குழந்தைகளுக்குச் செய்யும் துரோகம்.

வாருங்கள், களம் அமைப்போம்!

ஓர் அட்டை, ஒரு கைப்பிடி புளியங்கொட்டை, ஒரு பகடை, கொஞ்சம் துண்டுச் சீட்டு. இவை போதும். ஆடுவதற்கு இரண்டு பேர். நடுவராக ஒருவர். அம்மா நடுவராக இருந்தால் சண்டை வராது.

முதல் வேலை: ஆட்டம் எந்த நிமிஷத்தில் தொடங்குகிறது என்று முடிவு செய்ய வேண்டும்.

கதையின் ஆரம்பத்திலிருந்து தொடங்கினால் ஆட்டம் முடியவே முடியாது. தீப்பிடித்த பிறகு தொடங்கினால் யோசிக்க ஒன்றுமே இருக்காது. இரண்டு பக்கமும் இன்னும் தீர்மானம் எடுக்காத நேரம் எதுவோ, அதுதான் சரியான நேரம். நம் ஆட்டம், இரண்டு படையும் ஆற்றின் இரு கரையிலும் வந்து நின்ற நாளில் தொடங்கட்டும். மொத்தம் 10 சுற்று.

இரண்டாவது வேலை: படம். அட்டையின் நடுவே ஆற்றை வரையுங்கள். தென்கரையில் படகு இறங்கும் துறை ஒன்றே ஒன்று வையுங்கள். அந்தத் துறையில் ஒரு சுற்றில் 12 காய்தான் இறங்கலாம்.

ஏன் இந்தக் கட்டுப்பாடு? பெரிய படையின் பலத்தைக் குறைப்பது ஆறுதான். எத்தனை லட்சம் பேர் இருந்தாலும், ஒரு துறையில் ஒரே சமயத்தில் இறங்கக்கூடியவர்கள் கொஞ்சம் பேர்தானே?

மூன்றாவது வேலை: படைக் கணக்கு. ஒரு புளியங்கொட்டைக்கு 5,000 வீரர்கள். சாவோ சாவோவுக்கு 44 கொட்டை. தென்கரையில் ஜோ யூவுக்கு 6. லியூ பெய்யிடம் சுமார் 20,000 பேர் இருந்தார்கள். அவனுக்கு 4. ஆக, 44-க்கு 10!

இது அநியாயம் என்று தோன்றுகிறதா? நம் ஊர் ஆடுபுலி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். புலி 3, ஆடு 15. எண்ணிக்கை சமம் இல்லை. காய் நகர்த்தும் முறையும் சமம் இல்லை. ஜெயிக்கிற வழியும் வேறு வேறு. புலி, ஆட்டை வெட்ட வேண்டும். ஆடு, புலியை அடைக்க வேண்டும். ஆனாலும் அது நியாயமான ஆட்டம்தான். போர்க்கள ஆட்டமும் அப்படியே.

ஆகவே, நான்காவது வேலை: யாருக்கு எது வெற்றி என்று எழுதி வைக்க வேண்டும்.

தென்கரைப் படையை 4 காய்க்குக் கீழே குறைத்துவிட்டால் சாவோ சாவோவுக்கு வெற்றி. 10 சுற்று தாக்குப்பிடித்து நின்றுவிட்டால் தென்கரைக்கு வெற்றி. அப்போதும் சாவோ சாவோவிடம் 30 காய்க்கு மேல் மிச்சம் இருந்தால், அது தென்கரைக்குச் சிறிய வெற்றிதான். ஏனென்றால் அவன் அடுத்த வருஷம் மறுபடியும் வருவான்.

சண்டை எப்படி?

ஒவ்வொரு சுற்றிலும் சாவோ சாவோ 12 காய் வரை ஆற்றில் இறக்கலாம். தென்கரைக்காரர் தன் காய்களை வைத்து எதிர்ப்பார். இருவரும் ஒரு பகடை உருட்டி, தங்கள் காய் எண்ணிக்கையோடு கூட்டிக்கொள்ள வேண்டும். எவர் தொகை குறைவோ அவர் 2 காயை இழக்கிறார். சமமாக வந்தால் இருவருக்கும் நஷ்டம் இல்லை.

வடநாட்டு வீரர்களுக்குக் குதிரை பழக்கம். கப்பல் பழக்கம் இல்லை. ஆடுகிற கப்பலில் நின்று சண்டை போட முடியாது. ஆகவே கப்பல்கள் தனித்தனியாக இருந்தால், அவர்களுடைய 3 காய்க்கு 2 காயின் பலம்தான். 12 காய், 8 ஆகிவிடும்.

கப்பல்களைச் சங்கிலியால் சேர்த்துக் கட்டிவிட்டால் ஆட்டம் இராது. 12 காய்க்கு 12 காயின் பலம் உண்டு. இப்படி எதிரியே யோசனை சொல்லிக் கட்டவைத்ததாக நாவல் சொல்கிறது. ஆனால் கட்டிய கப்பலில் தீப்பிடித்தால் ஓட முடியாது. மொத்தப் படையில் பாதி போய்விடும். தனித்தனியாக இருந்தால் 6 காயோடு போகும்.

கட்டுவதா, வேண்டாமா? சாவோ சாவோவாக ஆடுகிறவர் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் இதை ஒரு சீட்டில் எழுதி, நடுவரிடம் ரகசியமாகக் கொடுத்துவிட வேண்டும்.

நோயை மறக்கக் கூடாது. ஒவ்வொரு சுற்று முடிவிலும் சாவோ சாவோவின் காய்களில் ஒன்றை நடுவர் எடுத்துவிடுவார். ஆற அமரக் காத்திருக்கலாம் என்று அவன் நினைக்க முடியாது.

காற்றுக்கு என்ன விலை?

இப்போது வருகிறது முக்கியமான கட்டம். தென்கிழக்குக் காற்று எப்போது வீசும்?

நாவலைப் போல, மேடை கட்டினால் வீசும் என்று விதி வைத்தால் தென்கரைக்காரர் எப்போதும் ஜெயிப்பார். வீசவே வீசாது என்றால் சாவோ சாவோ ஜெயிப்பான். ஆகவே பகடையிடம் விட வேண்டும். எவ்வளவு விடுவது என்பதில்தான் அமைக்கிறவரின் திறமை இருக்கிறது.

ஒரு பகடையை உருட்டி 6 விழுந்தால் காற்று வீசும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றில் அதற்கு ஆறில் ஒரு பங்குதான் வாய்ப்பு. ஆனால் 10 சுற்றிலும் சேர்த்து, ஒரு தடவையாவது விழுவதற்கு நூற்றுக்கு 84 வாய்ப்பு இருக்கிறது!

இரண்டு பகடையிலும் 6 விழ வேண்டும் என்றால், 10 சுற்றில் அது நூற்றுக்கு 25 ஆகக் குறைந்துவிடும். கையில் உள்ள ஒரு சின்ன விதி, ஒரு சாம்ராஜ்யத்தின் தலைவிதியை எப்படி மாற்றுகிறது பார்த்தீர்களா?

நாம் ஒரு பகடையே வைத்துக்கொள்வோம். சாவோ சாவோவுக்கு இதிலும் தப்பிக்க வழி உண்டு. 5 சுற்றுக்குள் வேலையை முடித்துவிட்டால், அந்த அபாயம் நூற்றுக்கு 60 ஆகிவிடும். வேகம்தான் அவனுக்கு மருந்து.

காற்றுப் பகடையை நடுவர் மறைவாக உருட்ட வேண்டும். காற்று திரும்பினால் தென்கரைக்காரர் காதில் மட்டும் சொல்ல வேண்டும். ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தானே அந்த ஊர்க் காற்றின் குணம் தெரியும்?

காற்று திரும்பிய சுற்றில், தென்கரைக்காரர் விரும்பினால் தீப்படகுகளை அனுப்பலாம். ஆட்டம் முழுவதிலும் ஒரே ஒரு தடவைதான்.

சாவோ சாவோ ஏன் நம்பினான்?

கதையைப் படிக்கும்போது நமக்கு ஒரு சந்தேகம் வருகிறது. அவ்வளவு பெரிய தந்திரசாலி, ஒரு கடிதத்தை நம்பி ஏமாந்தானா?

முடிவு தெரிந்த நமக்குத்தான் அது முட்டாள்தனம். அவன் இடத்தில் இருந்து பாருங்கள். சில மாதங்களுக்கு முன்னால் ஒரு மாகாணமே சண்டையில்லாமல் சரணடைந்தது. கப்பலோடும் ஆளோடும் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரும் தீ வைக்கவில்லை. இன்னொருவனும் வருகிறேன் என்றால் நம்பாமல் என்ன செய்வான்?

ஆட்டத்திலும் அதே குழப்பம் இருக்க வேண்டும். நடுவர் ஒவ்வொரு சுற்றும் இன்னொரு பகடையை மறைவாக உருட்டட்டும். 1 அல்லது 2 விழுந்தால், உண்மையாகவே சரணடையும் படகுகள் வருகின்றன. நடுவர், "படகுகள் வருகின்றன" என்று மட்டும் சொல்வார். தீப்படகு வந்தாலும் அதே வார்த்தைதான். சாவோ சாவோ, "சேர்த்துக்கொள்" அல்லது "நிறுத்து" என்று சொல்ல வேண்டும்.

உண்மையான படகைச் சேர்த்தால் 1 காய் லாபம். நோயில் போவதை அது ஈடு செய்யும். தீப்படகைச் சேர்த்தால் தீ. எல்லாவற்றையும் நிறுத்தினால் தீ இல்லை, லாபமும் இல்லை.

இரண்டு மூன்று படகுகள் நல்லபடியாக வந்து சேர்ந்த பிறகு, நாலாவது படகை நிறுத்த யாருக்கு மனம் வரும்? அப்போதுதான் 1,800 ஆண்டுகளுக்கு முன்னால் சாவோ சாவோ ஏமாந்த விதம் நமக்குப் புரியும்.

நல்ல போர்க்கள ஆட்டத்தின் பயன் இதுதான். தோற்றவனை முட்டாள் என்று சிரிப்பதை அது நிறுத்திவிடுகிறது.

கூட்டாளியும் போட்டியாளனும்

மூன்று பேர் ஆட வேண்டுமா? லியூ பெய்யைத் தனி ஆளாக்கி விடுங்கள்.

சுன் சுவானும் லியூ பெய்யும் நண்பர்கள்தான். ஆனால் இருவர் கண்ணும் ஜிங் மாகாணத்தின் மேல். சாவோ சாவோ ஓடிய பிறகு அதற்காகவே இருவரும் பகைத்துக்கொண்டார்கள். 219-ல் சுன் சுவானின் படை ஜிங் மாகாணத்தைப் பிடித்தது. அதைக் காத்துநின்ற லியூ பெய்யின் தளபதி குவான் யூ சிக்கிக் கொல்லப்பட்டான்.

ஆகவே ஒரு விதி சேருங்கள். தென்கரை ஜெயித்து, லியூ பெய்யிடம் 4 காயும் அப்படியே இருந்தால், ஜிங் மாகாணம் அவனுக்கு. ஜோ யூவின் காய்கள் லியூ பெய்யின் காய்களைவிட அதிகமாக மிஞ்சினால், மாகாணம் சுன் சுவானுக்கு. இரண்டும் நடந்துவிட்டால் இருவருக்கும் பாதி. ஒவ்வொரு சண்டையிலும் யார் காயை முதலில் நிறுத்துவது என்ற வாக்குவாதம் வரும். வரட்டும்! நிஜமான கூட்டணியும் அப்படித்தான் இருந்தது.

நடுவர் பொய் சொன்னால்?

களம் அமைத்தாகிவிட்டது. உடனே பந்தயம் கட்டி ஆடிவிடாதீர்கள். முதலில் ஐந்தாறு தடவை சோதனை ஆட்டம் ஆடிப் பாருங்கள். ஒரே பக்கம் எப்போதும் ஜெயித்தால் விதியில் கோளாறு. துறையின் அளவையோ நோயின் வேகத்தையோ கொஞ்சம் மாற்றுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அப்போதுதான் எதனால் என்ன ஆயிற்று என்று தெரியும்.

ஆனால் ஆட்டத்தின் நடுவே, முடிவு பிடிக்கவில்லை என்பதற்காக விதியை மாற்றவே கூடாது. அதற்கு ஒரு பயங்கரமான உதாரணம் இருக்கிறது.

இரண்டாவது உலக யுத்தம். 1942 மே மாதம். ஜப்பானியக் கடற்படை, பசிபிக் சமுத்திரத்தில் உள்ள மிட்வே தீவைத் தாக்கத் திட்டம் போட்டது. "யமாட்டோ" என்ற போர்க்கப்பலில் தளபதிகள் கூடி, திட்டத்தை மேஜை மேல் ஆடிப் பார்த்தார்கள்.

ஆட்டத்தில் அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டன. நடுவர் பகடை உருட்டினார். 9 குண்டுகள் பட்டதாகக் கணக்கு வந்தது. "அகாகி", "காகா" என்ற இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்களும் மூழ்கியதாக நடுவர் சொன்னார்.

உயர் அதிகாரியான உகாகி குறுக்கிட்டார். 9 என்பதை 3 ஆக மாற்றச் சொன்னார். அகாகி பிழைத்துக்கொண்டது. மூழ்கியதாக ஒப்புக்கொண்ட காகாவும் அடுத்த ஆட்டத்தில் மறுபடி உயிரோடு வந்துவிட்டது!

பேர்ல் துறைமுகத் தாக்குதலில் விமானப்படைக்குத் தலைமை வகித்த ஃபுசிடா, போருக்குப் பிறகு எழுதிய நூலில் இதைச் சொல்லியிருக்கிறார்.

1942 ஜூன் 4-ந் தேதி நிஜமான மிட்வே போர் தொடங்கியது. அகாகி, காகா, சோர்யு, ஹிர்யு ஆகிய நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களையும் ஜப்பான் பறிகொடுத்தது. மூவாயிரம் ஜப்பானியருக்கு மேல் மாண்டார்கள். மேஜை மேல் எழுந்து வந்த காகா, கடலில் எழுந்து வரவில்லை.

எண்ணிக்கையில் வராதவர்கள்

கடைசியாக ஒரு விஷயம். புளியங்கொட்டையை எடுத்து ஓரமாகப் போடுவது சுலபம். ஒரு கொட்டைக்கு 5,000 உயிர் என்பதை மறந்துவிடுவதும் சுலபம்.

செம்பாறைப் போருக்கு முன்னால் லியூ பெய் தெற்கே ஓடியபோது, ஒரு லட்சம் பேருக்கு மேல் அவன் பின்னால் வந்தார்கள் என்று சரித்திரம் சொல்கிறது. சாமான் ஏற்றிய வண்டிகள் ஆயிரக்கணக்கில். ஒரு நாளைக்கு 10 லிதான் போக முடிந்தது. அதாவது சுமார் 4 கிலோமீட்டர். ஜனங்களை விட்டுவிட்டு வேகமாகப் போங்கள் என்று யோசனை சொன்னார்கள். லியூ பெய் கேட்கவில்லை.

சாவோ சாவோவின் 5,000 குதிரைப்படை ஒரு பகல், ஓர் இரவில் 300 லி கடந்து வந்து அவர்களைப் பிடித்தது. லியூ பெய் மனைவி மக்களை விட்டுவிட்டுச் சில டஜன் பேரோடு தப்பினான். பின்னால் வந்த ஜனங்கள் சிக்கிக்கொண்டார்கள்.

தோற்றுத் திரும்பிய சாவோ சாவோவின் கதையும் அப்படியே. வழியெல்லாம் சேறு. நோயாளிச் சிப்பாய்களை வைக்கோல் சுமக்கவைத்து, சேற்றில் பரப்பச் சொன்னார்கள். குதிரைகள் அதன்மேல் போயின. வைக்கோல் பரப்பியவர்களில் பலர் குதிரைக் குளம்பில் மிதிபட்டு அங்கேயே இறந்தார்கள்.

இவர்களுக்கு ஆட்டத்தில் இடம் உண்டா? வைக்கலாம். பத்து சோழிகளை எடுங்கள். அவை ஊர் ஜனங்கள். தென்கரையில் துறைக்குப் பக்கத்தில் வையுங்கள். துறையில் நடக்கும் ஒவ்வொரு சண்டைக்கும் ஒரு சோழியை எடுத்துவிடுங்கள். ஆட்டம் முடிந்ததும், யார் ஜெயித்தார் என்று சொல்வதற்கு முன்னால், மிஞ்சிய சோழிகளை நடுவர் எண்ணிச் சத்தமாகச் சொல்லட்டும்.

விடுமுறை நாளில் வீட்டில் எல்லோருமாக உட்கார்ந்து ஆடிப் பாருங்கள். ஒரு தடவை சாவோ சாவோவாக ஆடுங்கள். மறு தடவை பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு உங்களுக்குப் பிடித்த வேறு கதையை எடுத்து, அதற்கு நீங்களே களம் அமையுங்கள். எப்போது தொடங்குவது, யாருக்கு என்ன வேண்டும், யாருக்கு என்ன தெரியாது என்ற மூன்று கேள்விகளுக்கும் முதலில் பதில் எழுதிக்கொள்ளுங்கள்.

சாவோ சாவோ ஜெயித்திருக்க முடியுமா என்று கேட்டோம் அல்லவா? முடியும். கப்பலைக் கட்டாமல் பொறுத்திருந்தோ, வந்த படகை நடு ஆற்றில் நிறுத்திச் சோதித்தோ அவன் தப்பித்திருக்கலாம். ஆனால் அந்தப் படகு வரும்போது நீங்கள் "நிறுத்து" என்று சொல்வீர்களா என்பதை, ஆடிப் பார்த்த பிறகு சொல்லுங்கள்!